சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் ஆய்வு, கூடவே இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம்: எடுக்கலாமா?

உவர்நீர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியலில் முனைவர் பட்டத்துக்காக இரண்டாம் ஆண்டு படித்துவருகிறேன். இளநிலையில் நான் படித்தது சிவில். என் ஆய்வு உப்புநீரை நன்னீராக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வுகளைப் பற்றியது. சவ்வை ஒட்டி ஓடும் நீரில் உப்பு தங்கிச் செறிவு கூடிவிடுவதை, இரண்டு சவ்வுத் தாள்களுக்கு நடுவே வைக்கப்படும் வலையின் வடிவத்தை மாற்றிக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறேன். அந்த வலை ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. கடையில் வெங்காயம் போட்டுத் தரும் பிளாஸ்டிக் வலையை அழுத்தித் தட்டையாக்கியதுபோல இருக்கும்.

சென்ற செமஸ்டரில் நெறியாளர் சொன்னதன்பேரில் இயந்திரப் பொறியியல் துறையில் வெப்பச்சலனப் பாடம் ஒன்றை எடுத்தேன். மூன்றாம் வாரத்தில் பேராசிரியர், சூடான தட்டின் மேல் நீர் ஓடும்போது உண்டாகும் எல்லைப்படலத்தின் (தட்டை ஒட்டிய மெல்லிய நீரடுக்கின்) சமன்பாட்டைப் பலகையில் எழுதினார். வெப்பநிலை இருந்த இடத்தில் உப்புச் செறிவை வைத்துப் பார்த்தால் அது என் சவ்வின் கணக்காகவே இருந்தது. வெப்பம் கடத்தப்படுவதை அளக்கும் நுஸ்ஸெல்ட் எண் இருந்த இடத்தில் உப்புக்கான ஷெர்வுட் எண், வெப்பம் பரவும் விதத்தைக் காட்டும் பிராண்டில் எண் இருந்த இடத்தில் உப்புக்கான ஷ்மிட் எண், அவ்வளவுதான் வேறுபாடு. அறை வெப்பநிலையில் நீரின் பிராண்டில் எண் ஏறக்குறைய 7. நீரில் கரைந்த உப்புக்கு ஷ்மிட் எண் 600ஐ ஒட்டி வரும். படலத்தின் தடிமன் இந்த எண்களின் கனமூலத்தை ஒட்டிக் குறைவதால், உப்புப் படலம் வெப்பப் படலத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் மெல்லியதாக இருக்கும். ஆறு மாதமாக என் கணினி மாதிரி சோதனையோடு ஒத்துப்போகாமல் இருந்ததற்குக் காரணம் அன்று புரிந்தது: நீரைக் கணக்குக்காகப் பிரிக்கும் கட்டங்களை வெப்பத்துக்குப் போதுமான அளவில் போட்டுவிட்டு, அவற்றில் பிடிபடாத அளவு மெல்லிய உப்புப் படலத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் மாணவர் இன்னொரு துறையில் முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்துப் பெற விண்ணப்பிக்கலாம். இயந்திரப் பொறியியலில் ஆய்வேடு இல்லாத முதுநிலைக்கு 30 கிரெடிட் வேண்டும். அதில் 9 கிரெடிட்டை இரண்டு பட்டங்களுக்கும் பொதுவாகக் காட்டலாம். மீதி 21, அதாவது ஏழு பாடங்கள். இதை முன்பே செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? செலவழிக்கும் காலத்துக்கு ஈடான பயன் உண்டா? எஃப்-1 மாணவர் விசாவில் சிக்கல் ஏதும் வருமா?

ஆய்வகப்பூனை எழுதியது:

முதலில் ஒரு சிறு திருத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம். சூடான தட்டுக்குள் நீர் புகுவதில்லை, சவ்வுக்குள் புகுகிறது. அப்படிச் சுவரை நோக்கி இழுக்கப்படும் ஓட்டம் எல்லைப்படலத்தையே மாற்றிவிடும் என்பதால், வெப்பப் பாடத்தின் வாய்ப்பாட்டை அப்படியே எடுத்து ஒட்டினால் வேறொரு தவறு நேரும். நீர் ஊடுருவும் வேகம் குறைவாக இருக்கும் வரை ஒப்புமை பிழைக்கும்; கூடக்கூடத் திருத்தக் காரணி வேண்டும். உங்கள் பேராசிரியரிடமே இதைக் கேளுங்கள், மகிழ்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்.

இனிப் பட்டத்தைப் பற்றி. உங்களுக்குக் கண்ணைத் திறந்துவிட்டது ஒரு பாடம், பட்டம் அன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம் பிள்ளைகள் பலர் ஐந்தாண்டில் முடிக்க வேண்டியதை ஏழாண்டுக்கு இழுக்கிறார்கள். முனைவர் பட்டம் பெற்ற ஒருவரின் தன்விவரக் குறிப்பில் அதற்குக் கீழே இருக்கும் முதுநிலை வரியை ஆசிரியர் தேர்வுக் குழுவில் யாரும் நின்று படிப்பதில்லை; கட்டுரைகளைப் படிக்கிறார்கள், ஆய்வேட்டின் தலைப்பைப் பார்க்கிறார்கள், பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களும் இதை அறிந்தே துணைப்பாட ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ஜார்ஜியா டெக்கில் முனைவர் மாணவர் தம் துறைக்கு வெளியே 9 கிரெடிட் துணைப்பாடம் எடுத்தே ஆக வேண்டும். விஸ்கான்சின்-மேடிசனிலும் முனைவர் படிப்புக்குத் துணைப்பாடம் உண்டு. பெர்க்லி பொறியியலில் ஒரு முதன்மைப் பிரிவோடு இரண்டு துணைப்பிரிவுகள். மூன்று பாடத்தில் கிடைப்பதைப் பத்துப் பாடத்தில் ஏன் வாங்க வேண்டும்?

கொதிகலன் எழுதியது:

நான் இதைச் செய்து முடித்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் முனைவர் பட்டம் சுற்றுச்சூழல் பொறியியலில், காற்று மாசுப் பிரிவில். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள்களைப் பற்றியது. கரித்துகள் காற்றில் கலந்த பிறகு என்ன ஆகிறது என்பதை எங்கள் துறை சொல்லிக்கொடுத்தது. அது உருளைக்குள் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இயந்திரப் பொறியியல் துறையின் எரிதல் பாடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. செமஸ்டருக்கு ஒரு பாடமாக எடுத்து, நான்காம் ஆண்டு இறுதியில் முதுநிலைப் பட்டம் வாங்கினேன்.

பூனையார் சொல்வதில் பாதி உண்மை. பாடந்தான் முக்கியம், ஆனால் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்ததால்தான் நான் அந்தப் பாடங்களை எடுத்தேன் என்பதும் உண்மை. ஆய்வகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கருவி பழுதாகிக்கொண்டே இருக்கும். கட்டாயம் இல்லாத பாடத்தை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்க எல்லா நாளும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும். வகுப்பில் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்று தொடங்கிய இரண்டு பாடங்களில் நான் ஐந்தாம் வாரத்தைத் தாண்டியதில்லை.

ஆனால் உங்களிடம் ஒருவரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: பணம். நீங்கள் ஆய்வு உதவியாளராக இருந்தால் உங்கள் கல்விக் கட்டணம் நெறியாளரின் ஆய்வு நிதியிலிருந்து போகலாம், துறையிலிருந்து போகலாம், பல்கலைக்கழகமே தள்ளுபடியும் செய்யலாம். எந்த வழி என்பதை எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். நான் படித்த இடத்தில் மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் கணக்குப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆய்வு நிதி முனைவர் பட்டத்துக்கான பாடங்களுக்கு மட்டுமே கட்டணம் செலுத்தும், நான் எடுத்திருந்த இயந்திர அதிர்வுப் பாடம் ஆய்வோடு தொடர்பற்றது, ஆகவே மூன்று கிரெடிட்டுக்கான தொகையை நானே கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஒரு திட்டத்துக்கென்று கொடுத்த பணத்தை அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும் அல்லவா? முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பாடத்துக்குப் பதில் வேறொன்றை எடுத்திருப்பேன் என்பதுதான் என் வருத்தம். அந்தக் குளிர்காலம் முழுவதும் பருப்பும் சோறுந்தான்.

இன்னொன்று, கேண்டிடசி, அதாவது ஆய்வேடு மட்டுமே மீதி இருக்கும் நிலை. பாடங்களை முடித்துத் தகுதித் தேர்வுகளைத் தாண்டியதும் பல இடங்களில் கட்டணம் குறையும். கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் கட்டும் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 15,102 டாலர், முனைவர் மாணவர் கேண்டிடசி அடைந்துவிட்டால் அது மூன்றாண்டு வரை பூஜ்யமாகிவிடும். அங்கே இருக்கும் ஒருவர் இயந்திரப் பொறியியல் பாடங்களுக்காகக் கேண்டிடசியை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால், அந்தத் தொகையை அவருடைய நெறியாளர்தான் எங்கிருந்தாவது புரட்ட வேண்டியிருக்கும். நெறியாளர் முகம் சுளிப்பதற்கு அறிவுப் பகை காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வரவுசெலவுக் கணக்கு.

விசாக்கணக்கு எழுதியது:

விசா பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் உங்களுக்கு முனைவர் நிலையில் இருக்கிறது. முதுநிலையைச் சேர்ப்பதால் அந்த நிலை கீழே இறங்காது. விண்ணப்பிக்கும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, இரண்டாவது துறையை ஐ-20இல் எப்படிக் காட்டுவார்கள் என்பதையும், அதனால் படிப்பு முடியும் தேதி மாறுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்க மாணவர் விசாவில் கிடைக்கும் அனுமதி, ஒவ்வொரு கல்வி நிலைக்கும் 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறைகளுக்குரிய 24 மாத நீட்டிப்பு வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே, அதுவும் இரண்டாவது முறை மேல்நிலைப் பட்டத்துக்கு. இந்த இரண்டு துறைகளுமே ஸ்டெம் பட்டியலில் இருப்பதால், முனைவர் பட்டத்தோடு வெளியேறும்போது இயந்திரப் பொறியியல் முதுநிலை உங்களுக்குக் கூடுதலாக எதையும் தரப்போவதில்லை. எச்-1பி வேலை விசா விஷயத்திலும் அப்படித்தான். 65,000 என்ற பொது வரம்புக்கு மேல் அமெரிக்க முதுநிலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம் உள்ளவர்களுக்கு ஒதுக்கப்பட்ட 20,000 இடங்களுக்கு முனைவர் பட்டமே தகுதி தரும். ஒன்றுக்கு இரண்டாகப் பட்டம் வைத்திருந்தால் இரண்டு வாய்ப்பு என்று யாரோ வாட்ஸ்அப்பில் பரப்பியதை நானும் பார்த்தேன், நம்ப வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் முதுநிலை கைகொடுக்கும். முனைவர் படிப்பை நடுவிலேயே விட்டுப் போக நேர்ந்தால் கையில் ஒரு பட்டம் இருக்கும். அப்படிப் போக முடிவெடுத்தால், படிப்பு முடிவதற்குள் ஐ-20ஐ முதுநிலைக்கு மாற்றிவிட வேண்டும். இதைத் தாமதமாகக் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு உங்கள் சொந்தத் துறையின் முதுநிலையே போதும். வழியிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பம்புசெட் எழுதியது:

நான் பல்கலைக்கழக ஆள் அல்ல. நீர், கழிவுநீர் நிலையங்களை வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலும் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பூனை அவர்கள் சொல்லும் ஆசிரியர் தேர்வுக் குழுவின் உலகம் வேறு, எங்கள் உலகம் வேறு.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. கழிவுநீர் நிலையத்தின் மின்செலவில் ஏறக்குறையப் பாதி, தொட்டிக்குள் காற்றை ஊதுவதற்கே போகிறது. சுற்றுச்சூழல் படித்தவரிடம் எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று கேட்டால் நுண்ணுயிர், அம்மோனியா, வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்து அழகாகக் கணக்குப் போட்டுத் தருவார். அடுத்து, இரவு இரண்டு மணிக்கு ஊரே தூங்கும்போது கழிவுநீர் வரத்து குறைகிறது, காற்றுத் தேவையும் குறைகிறது, தொட்டியின் ஆழம் மட்டும் மாறவில்லை, அப்போது மையவிலக்கு ஊதுவிசிறிக்கு என்ன ஆகும் என்று கேட்பேன். பலர் வேகத்தைக் குறைத்துவிடலாம் என்பார்கள். வேகத்தைக் குறைத்தால் அது தரும் அழுத்தமும் குறையும். ஆழம் மாறாததால் எதிரழுத்தம் அப்படியே நிற்கும். ஓரளவுக்குக் கீழே போனால் காற்று பின்னோக்கித் திரும்பி இயந்திரம் உறுமத் தொடங்கும். அந்த உறுமலை ஒருமுறை நேரில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்; தரையே அதிரும். இயந்திரப் பொறியியலில் பாய்ம இயந்திரப் பாடம் படித்தவர் அந்த வளைகோட்டைத் தாளில் வரைந்தே காட்டிவிடுவார். இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறார்கள்.

ஆனால் தொழில்முறை உரிமம் பெறுவதற்கு இது உதவும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த உரிமத்துக்கான பி.இ. (P.E.) தேர்வு இயந்திரப் பொறியியலில் மூன்று பிரிவாக இருக்கிறது. வெப்பமும் பாய்மமும் அதில் ஒன்று. சுற்றுச்சூழலுக்குத் தனித் தேர்வு உண்டு. உங்களைப் போல வெளிநாட்டில் இளநிலை படித்தவர்களுக்கு அந்த இளநிலைப் பட்டத்தை மதிப்பிடுவதுதான் தலைவலி, மேலே அடுக்கும் முதுநிலை அதைச் சுலபமாக்கிவிடாது. உரிமத்துக்கு முதல் படியான எஃப்.இ. (F.E.) தேர்வை மாணவராக இருக்கும்போதே எழுதி முடியுங்கள். 110 கேள்விகள், பாடம் மறப்பதற்குள் எழுதுவது நல்லது.

உவர்நீர் எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. பூனை அண்ணா சொன்ன ஊடுருவல் திருத்தத்தைப் பேராசிரியரிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் இல்லை, இரண்டு மணி நேரம் பேசினார்.

இந்த வாரம் இயந்திரப் பொறியியல் துறையின் பட்டப்படிப்பு ஒருங்கிணைப்பாளரையும் சந்தித்துப் பாடப்பட்டியலை வாங்கி வந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் என் கணக்கு தலைகீழாக மாறியது. பொதுவாகக் காட்டக்கூடிய மூன்று பாடங்கள் போக எஞ்சும் ஏழும் என் விருப்பம்போல எடுக்கக்கூடியவை அல்ல. கணினிவழிப் பாய்ம இயக்கவியல், மேல்நிலைப் பாய்மவியல், மேல்நிலை வெப்ப இயக்கவியல் ஆகிய மூன்றும் என் ஆய்வுக்கு நேரே வரும். பயன்முறைக் கணிதம் எப்படியும் வேண்டும். மீதி மூன்றில் திண்மப்பொருள் இயக்கவியல் ஒன்று, கட்டுப்பாட்டியல் ஒன்று, வடிவமைப்பு ஒன்று. துறையின் பரப்பு முழுவதையும் தொட்டிருக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்காக ஒன்றரை ஆண்டு வீட்டுப்பாடம் எழுத வேண்டுமா என்பதே இப்போது என் தயக்கம்.

கட்டணம் பற்றிக் கொதிகலன் அண்ணா சொன்னதை நெறியாளரிடம் நேரடியாகவே கேட்டேன். ஆய்வுக்குத் தொடர்புள்ள நான்கு பாடங்களுக்குத் தம் நிதியிலிருந்து கட்ட முடியும், மற்ற மூன்றுக்குத் துறையிடம் கேட்க வேண்டும், உறுதி தர முடியாது என்றார். கேட்டதற்காக அவர் கோபப்படவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கொதிகலன் எழுதியது:

நான்கு பாடத்துக்கு நெறியாளரின் வாயிலிருந்து சரி என்று வந்ததே பெரிது. அதை மின்னஞ்சலில் ஒரு வரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கட்டுப்பாட்டியலைத் தள்ளிவிடாதீர்கள் என்பேன். நானும் அழுதுகொண்டேதான் எடுத்தேன். கடைசியில், என் சோதனை அடுப்பின் வெப்பநிலை ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்ததை நிறுத்தியது அந்தப் பாடத்தின் மூன்றாவது வீட்டுப்பாடம். தொழில்நுட்பரை அழைத்து இரண்டு முறை கருவியை மாற்றியும் சரியாகாதது, கட்டுப்படுத்தியில் மூன்று எண்களை மாற்றியதும் சரியாயிற்று. உங்கள் ஆர்.ஓ. சோதனைக் கருவியிலும் அழுத்தத்தை ஒரே நிலையில் நிறுத்த வேண்டியிருக்கும் அல்லவா?

பம்புசெட் எழுதியது:

திண்மப்பொருள் இயக்கவியலுக்கும் என் பங்குக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஆர்.ஓ. என்கிறீர்கள், கடல்நீரையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் பாதியை நன்னீராக எடுக்க, வெப்ப இயக்கவியல் விதிப்படி தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல் ஒரு கனமீட்டருக்கு 1.06 கிலோவாட் மணி. நடைமுறையில் நிலையங்கள் முழுவதுமாக 3 முதல் 4 வரை செலவழிக்கின்றன. இந்த அளவுக்காவது இறங்கி வந்ததில் சவ்வுக்கு எவ்வளவு பங்கோ, அந்த அளவுக்கு அழுத்தப் பரிமாற்றி என்ற கருவிக்கும் பங்கு உண்டு. சவ்வைத் தாண்டாமல் வெளியேறும் உப்புநீரில் இன்னும் 60 பார் அளவு அழுத்தம் இருக்கிறது. அதை வீணாக்காமல், சுழலும் ஒரு பீங்கான் உருளையின் குழாய்களுக்குள் உள்ளே வரும் கடல்நீரோடு முட்டவிட்டு அழுத்தத்தை அப்படியே கைமாற்றிவிடுகிறார்கள். அசையும் பாகம் அந்த ஒன்றுதான். அச்சுத்தாங்கியாக இருப்பதும் நீர்ப்படலமே. 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நிலையம் நாளொன்றுக்கு 5 கோடி கேலன் குடிநீர் தருகிறது. இதுபோன்ற ஆற்றல் மீட்பு இல்லாமல் அந்த அளவில் ஒரு நிலையத்தை நடத்தினால் மின்கட்டணம் கட்டி மாளாது.

சவ்வை லோபும் சௌரிராஜனும் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் உருவாக்கியதை உங்கள் துறையில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பீங்கான் உருளையைப் பற்றி எத்தனை பேர் சொன்னார்கள்?

ஆய்வகப்பூனை எழுதியது:

பம்புசெட் அவர்கள் சொன்னது எனக்கே புதிது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அந்த உருளையை வடிவமைக்கப் போகிறவருக்குத் திண்மப்பொருள் இயக்கவியல் வேண்டும். வலையின் வடிவத்தை ஆராய்பவருக்கு அது ஓர் ஆர்வம். ஆர்வத்துக்கு மூன்று கிரெடிட் செலவிடலாம், ஆனால் தகுதித் தேர்வு தலைக்கு மேல் நிற்கும்போது அல்ல. தம்பி, உங்களுக்குக் குவாலிஃபையர் எப்போது?

உவர்நீர் எழுதியது:

மே மாதம், அண்ணா. அதனால்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வரும் செமஸ்டரில் கணினிவழிப் பாய்ம இயக்கவியல் மட்டும். அதையும், முடித்துவிட்ட வெப்பச்சலனத்தையும், மேல்நிலைப் பாய்மவியலையும் சேர்த்தால் துணைப்பாடத்துக்கான 9 கிரெடிட் நிறைந்துவிடும். முதுநிலைக்கான விண்ணப்பப் படிவத்தைக் குவாலிஃபையர் முடிந்து, துறை அந்த மூன்று பாடங்களின் கட்டணத்தைப் பற்றி எழுத்தில் பதில் சொன்ன பிறகே கொடுப்பேன். அப்போதும் கட்டணம் கிடைக்கவில்லை என்றால் துணைப்பாடத்தோடு நின்றுவிடுவேன், கட்டுப்பாட்டியலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வேன். எங்கள் சோதனைக் கருவியின் அழுத்தமானி ஆடுவதைக் கொதிகலன் அண்ணா எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

சவ்வுச் சுவரை ஒட்டிக் கட்டங்களை நெருக்கிப் போட்டு, ஊடுருவலையும் சேர்த்து மாதிரியை மறுபடி ஓட்டியிருக்கிறேன். முன்பு ஆறு மணி நேரத்தில் முடிந்த கணக்கு இப்போது மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வேகங்களுக்கான விடை வந்துவிட்டது. சோதனைப் புள்ளிகள் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது இன்றிரவு வரும்.